அக்கா நிற்கிற ஊர்

புதன், 12 மார்ச் 2025

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரம்தான், ஆனால் பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து காட்டுகிற நேரத்தையும் சேர்த்தால் பகல் போய்விடும். என் பெட்டியில் பாதிக்கு மேல் அக்கா கேட்ட சாமான். கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா, அப்புறம் பாளையங்கோட்டையில் மொத்தமாக வாங்கின வாசிப்புக் கண்ணாடிகள் ஒரு பை நிறைய. சுங்கத்தில் இருந்தவர் கண்ணாடிப் பையைத் தூக்கிப் பார்த்து "என்ன தம்பி, கடையோ போடப் போறீங்கள்?" என்றார். அக்கா முல்லைத்தீவுப் பக்கம் மிஷனரியாக இருக்கிறாள், அங்கே உள்ளவர்களுக்கு என்றதும் அல்வாவைக் காட்டி "இதுவும் அவையளுக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் சோறு தின்றுவிட்டு ஏ-9 நெடுஞ்சாலையில் பஸ். முகமாலை தாண்டும்போது ரோட்டோரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கின்றன, உள்ளே கண்ணிவெடி எடுக்கிற வேலை நடக்கிறது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பும், கண்ணைக் கூசுகிற வெயில். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் மாறினேன். அந்த ஏ-35 ரோட்டில்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009-ல் எங்கள் வீட்டு டிவியில் ராத்திரிச் செய்தியில் கேட்ட பெயர்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன, கண்டக்டர் பையன் "விசுவமடு இறக்கம், விசுவமடு இறக்கம்" என்று கத்துகிறான், ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டோடு இறங்குகிறார், டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிறார். காலபோக நெல் அறுத்து முடிந்திருக்கிறது. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, பஸ் மீதிப் பாதியில் ஓடுகிறது.

ஊர் பெயரைப் போட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர், அவ்வளவு போதும். இறங்கின இடத்தில் சைக்கிளோடு நின்றாள். பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டுவதற்குள் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு ஐயா வந்துவிட்டார். "தம்பியோ? அக்காவைக் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்?"

இல்லை ஐயா, பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.


வியாழன், போயா

முழுநிலா நாள், நாடு முழுக்க லீவு. அக்காவுக்கு லீவு இல்லை. "ஏல, எந்திரி, தண்ணி எறைக்கணும்" என்று விடியுமுன் எழுப்பிவிட்டாள். ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் தகரம் போட்ட விறாந்தை, பின்னால் கிணறு. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது, சவர். குடிக்கிற தண்ணீர் தனியாகப் போய் எடுத்து வர வேண்டும். புட்டும் சம்பலும் தின்றுகொண்டே அவளுடைய நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், போனில் இதெல்லாம் சொல்லவே மாட்டாள்.

அக்கா நர்ஸ் படித்தவள். எங்கள் பக்கத்து மிஷனரி சங்கம் ஒன்று 2015-ல் அவளை இங்கே அனுப்பியது. ஆனால் இலங்கையில் அவளுக்கு நர்ஸாகப் பதிவு கிடையாது, அதனால் யாருக்கும் ஊசி போடக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது. அவள் இருப்பது மத ஊழியர்களுக்கான வதிவிட வீசாவில். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதற்குச் சபையின் கடிதம், கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தின் பரிந்துரை, அப்புறம் கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தில் போய் நிற்பது. இங்கே வந்த மிஷனரிகளில் எனக்குப் பிடித்தவர் யோசப் வாஸ் அடிகள். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல், கோவாவிலிருந்து கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பின்னால் 2015-ல் போப் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அக்காவிடம் இதைச் சொன்னால், "அவருக்கு போட்டோகாப்பி எடுக்கிற வேலையாவது மிச்சம்" என்கிறாள்.

காலையில் ஒரு அண்ணனைப் பார்க்கப் போனோம். 2009 யுத்தத்தில் செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து முழங்காலுக்குக் கீழே கால் போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார், யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஒரு நிலையம் இந்தக் கால்களைச் செய்து கொடுக்கிறது. பாதம் ரப்பர் என்பதால் செருப்பில்லாமல் வயலில் இறங்கலாம், குந்தி உட்காரலாம், நம் ஊர் மனிதருக்காகவே செய்தது. ஆனால் கால் தேயாவிட்டாலும் மனிதர் மாறுகிறார். வருஷம் போகப் போகத் துண்டான பகுதி மெலிகிறது, கால் லூசாகிறது, துணியைச் சுற்றி இறுக்கிக்கொள்கிறார்கள், வேர்வையில் உராய்ந்து புண். இவருக்கும் அறுவடை முழுக்க வரப்பில் நடந்ததில் அதுதான் ஆகியிருந்தது. அக்கா தொடாமல், குனிந்து பார்த்தாள், நன்றாகக் கழுவிக் காய விடச் சொன்னாள், புண் ஆறும் வரைக்கும் காலை மாட்ட வேண்டாம் என்றாள், அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போய் அளவு எடுக்க நாள் குறித்தாள். "தனியப் போவன் அக்கா" என்று அவர் சொல்ல, "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்கள், போகேல்லை" என்று இவள் சொல்ல, அவருடைய மனைவி உள்ளேயிருந்து "நல்லாக் கேளுங்கோ" என்று குரல் கொடுத்தார்.

புறப்படும்போது அந்த மனைவி என்னிடம் தனியாக வந்து, அக்காவை இந்தியாவுக்குக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டார். இரண்டாவது ஆள். மத்தியானத்துக்குள் மூன்றாவது ஆளும் கேட்டுவிட்டார், அப்புறம் எண்ணவில்லை.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. யுத்தம் முடிந்தபின் இங்கே வந்த நிறுவனங்களுக்குக் கணக்கில்லை, ஒவ்வொரு கிணற்றிலும் கக்கூஸ் சுவரிலும் யாரோ ஒருவருடைய பெயர்ப்பலகை. பலகை இருக்கிறது, ஆட்கள் போய்விட்டார்கள். 2022-ல் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இல்லாமல், பால்மா இல்லாமல், நாடே வரிசையில் நின்றபோது நாங்களும் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிடு என்று தினமும் போன் போட்டோம். அதற்கு முந்தின வருஷம் ரசாயன உரத்தைத் தடை செய்ததில் நெல்லும் பொய்த்திருந்தது. அக்கா வரவில்லை. அப்போது ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, சைக்கிளுக்குப் பெட்ரோல் தேவையில்லையே என்றாள்.


வெள்ளி

மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக். முன்னே நம்பர் எடுக்க வேண்டும் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். எங்களோடு இரண்டு பேர். ஒருவர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற அம்மம்மா, இன்னொருவர் முதுகில் செல் துண்டு இருக்கிற ஒரு பெண். மருந்து, டாக்டர் எல்லாம் இலவசம், நம் ஊரை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. இலவசமில்லாதது பஸ்ஸும் ஒரு நாள் கூலியும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே பயம். முதுகு வலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் உள்ளே இருக்கிற இரும்பு என்ன ஆகும் என்று. வன்னியில் இப்படி உடம்பில் துண்டோடு நடமாடுகிறவர்கள் நிறைய, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம், இரும்பு இருந்தால் அது அசையலாம், சுடலாம், ஆகவே உள்ளே போகுமுன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், எக்ஸ்ரேயும் சி.டி.யும் அப்படியில்லை என்று அக்கா பொறுமையாகச் சொல்லி, ஒரு துண்டுப் பேப்பரில் எழுதியும் கொடுத்தாள். டாக்டர் கேட்டபோது அந்தப் பெண் பேசாமல் பேப்பரை நீட்டினார். வேலை முடிந்தது.

விடியுமுன் கிளம்பி வெயில் ஏறித் திரும்பும் வரை அக்கா செய்ததை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பை தூக்கினாள். நம்பர் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்தாள். அம்மம்மாவின் மாத்திரையில் ஒன்று இந்த மாதம் நிறம் மாறி வந்திருப்பதைக் கண்டுபிடித்து, மருந்து கொடுக்கிறவரிடம் திரும்பப் போய், அது அதே மருந்துதான், கம்பெனி வேறு என்று கேட்டு வந்தாள், இல்லாவிட்டால் அம்மம்மா அதை எறிந்திருப்பார். பேச்சு முழுக்க யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்பதுதான். பைபிள் பையிலேயே இருந்தது. எங்கள் ஊர் மிஷனரிப் பண்டிகையில் காட்டுகிற படங்களில் மிஷனரி எப்போதும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். உட்கார்ந்திருக்கிற மிஷனரியை ஏன் யாரும் படம் எடுப்பதில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் நடந்ததை எழுதாமல் விட முடியாது. திங்கட்கிழமை ஓ.எல். பரீட்சை ஆரம்பம், நம் ஊர் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. அதனால் 11-ம் தேதி ராத்திரியோடு டியூஷன் வகுப்புகளுக்கெல்லாம் தடை, அக்காவும் தன் மாலை வகுப்பை நிறுத்திவிட்டாள், வெளிநாட்டுக்காரி என்பதால் இந்த விஷயங்களில் ரொம்பக் கவனம். ஆனால் பிள்ளைகள் வெளிச்சத்துக்காக வந்து விறாந்தையில் உட்கார்ந்து தாங்களாகப் படிக்கிறார்கள். முதல் பரீட்சை சமயம். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சைவநெறி. ஒரு பிள்ளை புத்தகத்தை அக்கா மடியில் போட்டுவிட்டு, "நான் சொல்றன், பிழையெண்டால் சொல்லுங்கோ" என்று ஆரம்பித்தது. சீர்காழிக் குளக்கரை, ஞானப்பால், முத்துப்பந்தல், மதுரை அனல்வாதம் என்று போய், மன்னாரில் இருக்கிற திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் நேரே வராமல் ராமேஸ்வரத்தில் நின்றபடியே பதிகம் பாடினார் என்ற இடத்தில் திணறி நின்றது. அக்கா புத்தகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் ஞாயிறு பள்ளி நடத்திய என் அக்கா!

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "வருஷா வருஷம் கேக்கிறேன்ல" என்றாள்.


சனி

இன்று காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை இலங்கை முழுக்கக் குரங்கு எண்ணினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயிரை அழிக்கிற குரங்கு, மயில், மரஅணில் எல்லாம் எத்தனை இருக்கின்றன என்று அரசாங்கம் கணக்கெடுத்தது, அவரவர் தோட்டத்தில் அந்த ஐந்து நிமிஷம் தெரிகிறதைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவும் பேனாவோடு கிணற்றடியில் நின்றாள். ஒரு குரங்குகூட வரவில்லை, ஒரே ஒரு மயில் வேலியில் வந்து உட்கார்ந்தது. எட்டரைக்குக் குரங்குக் கூட்டமே வந்து பக்கத்து வீட்டுத் தென்னையில் குரும்பையைப் பிடுங்கி எறிந்தது. பக்கத்து வீட்டு அன்ரி, "இதுகளுக்கும் நேரம் தெரியுது" என்று திட்டிக்கொண்டே கல் எறிந்தார்.

பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம். பொதுநோக்கு மண்டபத்தில் மாதர் சங்கத்தின் கூட்டம், அக்கா ஓரத்தில் உட்காருகிற ஆள், அவ்வளவுதான். கண்ணாடிகளை அங்கேதான் விரித்தோம். கண் டாக்டர் வேலையில்லை இது, நாற்பது தாண்டினவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க மட்டும், ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்து எது போட்டால் கோர்க்க முடிகிறது என்று பார்ப்பது. தலைவலி, புகைச்சல் உள்ளவர்களை அக்கா தனியாகப் பிரித்து ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டாள். ஒரு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் எடுத்துப் படித்தது தன்னுடைய கடன் அட்டையை. நுண்கடன். யுத்தத்துக்குப் பிறகு வீடு வீடாக வந்து கொடுத்தார்கள், ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும், வட்டி எழுத்து சின்னது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று போய், 2018-ல் அரசாங்கமே தலையிட்டு வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ள வேண்டி வந்தது. இந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வேற எண்ணிக்கையெல்லே சொன்னவங்கள்" என்றார். பேச்சு அங்கேயிருந்து திரும்பி இரண்டு மணி வரை போனது. அக்கா வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள்.

திரும்பும்போது பெட்டிக்கடை ஐயாவிடம் மாட்டினேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார், "தம்பி, குறை நினைக்காதேங்கோ. இங்க சில சபையள் வந்து, அரிசி மூட்டையும் குடுத்து ஆளையும் பிடிக்குது. நோய் சுகமாகும் எண்டு மருந்தை நிப்பாட்டினதும் இருக்கு. உங்கட அக்கா அப்பிடியில்லை, ஆனால் அதுவும் ஒரு வழிதானோ எண்டு எனக்கு ஒரு யோசனை." ஐயாவின் மகள்கள் இரண்டு பேருக்குப் பத்து வருஷமாக அக்கா பள்ளிக்கூடப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், அவர் இன்னும் திருநீறோடுதான் இருக்கிறார், பிள்ளைகளும் அப்படியே. நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர் சொல்வது பொய்யில்லை, எங்கள் ஊரிலும் பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டிப் பக்கத்திலேயே கோவில் கட்டினவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இழந்தவனிடம் போய் ஒரு கையில் சாப்பாட்டையும் இன்னொரு கையில் சாமியையும் நீட்டுவது அசிங்கம் என்றுதான் எனக்கும் படுகிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஐயா என்கிட்டயே கேட்டிருக்காரு" என்றாள். சாமான் எது கொடுத்தாலும் மாதர் சங்கம் வழியாக, பெயர்ப்பட்டியலை அவர்களே போடுவது என்று அவள் வைத்திருப்பது அந்தப் பேச்சுக்குப் பிறகுதானாம்.


ஞாயிறு

லெந்து காலத்து ஆராதனை. தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரை, இருபது இருபத்தைந்து பேர், அதில் சிலர் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லி வந்த சைவப் பிள்ளைகள், முடிந்ததும் நேரே பிள்ளையார் கோவிலுக்கும் போனார்கள், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குரு, சாப்பிடும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னால் பிஷப்பான அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து இந்தியாவில் தொண்டிப் பக்கம் மிஷனரி அனுப்பி வைத்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனாராம். ஊர் திரும்பி அடுத்த வருஷமே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். "அப்ப முதல்ல நாங்கள்தான் உங்களுக்கு ஆள் அனுப்பினாங்கள். உங்கட அக்கா பழைய கடனுக்கு வந்து நிக்கிறா" என்று சொல்லி இன்னும் ஒரு அகப்பை இறால் குழம்பு ஊற்றினார். நந்திக்கடல் இறால். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம்.

மத்தியானம் அக்கா மாத அறிக்கை எழுதினாள். சங்கம் அனுப்பின படிவத்தில் கட்டங்கள்: வீடு சந்திப்பு, சுவிசேஷக் கூட்டம், ஞானஸ்நானம். கடைசிக் கட்டத்தில் சைபர் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். கிளினிக் யாரோடு, எந்தப் படிவம் எங்கே நிற்கிறது, யாருக்குக் கால் அளவு. இதை ஊரில் யாராவது வாசிக்கிறார்களா என்று கேட்டேன். முன்பக்கம்தான் கேள்வி கேட்கிறார்களாம். எனக்குக் கோபம் வந்தது, அவளுக்கு வரவில்லை, அல்லது எப்போதோ வந்து போயிருக்கும்.

சாயங்காலம் வட்டுவாகல் பாலம் வரை போனோம். ஒரு பக்கம் நந்திக்கடல், ஒரு பக்கம் கடல். முள்ளிவாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏதாவது ஜெபம் பண்ணுவாள் என்று நினைத்தேன். "நாம அப்ப இங்க இல்ல" என்று மட்டும் சொன்னாள், அப்புறம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையனிடம் மீன் விலை கேட்கப் போய்விட்டாள்.


திங்கள், 17 மார்ச்

பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் காலையிலேயே போய்விட்டார்கள். நாங்கள் ஒரு அம்மாவோடு பிரதேச செயலகம். அம்மாவின் மகன் 2009 மே மாதத்தில் காணாமல் போனவர். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவித்தொகைப் பட்டியலில் அம்மாவின் பெயர் விடுபட்டிருக்கிறது, மேன்முறையீடு. அந்த மகனின் பெயர் இன்னும் குடும்ப அட்டையில் இருக்கிறது, சம்பாதிக்கிற வயசு ஆண் ஒருவர் வீட்டில் இருப்பதாகக் கணக்கு.

கவுண்டரில் இருந்தது சின்ன வயசுப் பெண். "இறப்புச் சான்றிதழ் இருக்கோ அம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அக்கா பைலிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்து வைத்தாள். 2016-ல் வந்த சட்டப்படி, இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணவில்லை என்று மட்டும் எழுதித் தருகிற சான்றிதழ். இதற்குக்கூட அம்மா சம்மதிக்க வருஷக்கணக்கு ஆனதாம். அந்தப் பெண் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தார். கிராம அலுவலரின் கையெழுத்து இன்னொன்று வேண்டும், புதன்கிழமை வாருங்கள். சரி, புதன்கிழமை.

பஸ் வரும் வரை வாகை மர நிழலில் நின்றோம். அக்காவுக்கு போன் வந்தது, திணைக்களத்துப் பரிந்துரைக் கடிதம் தயார், வியாழக்கிழமை பத்தரமுல்லைக்குப் போகலாம். ராத்திரி பஸ், விடிய விடிய ஓட்டம், அங்கே எத்தனை மணி நேரம் நிற்க வேண்டி வருமோ. நான் அதற்குள் கப்பல் ஏறிவிடுவேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்க சிங்களம்தானே கதைப்பினம்?"

"கொஞ்சம் இங்கிலீஷும் நடக்கும் அம்மா."

"தனியப் போகாதேங்கோ. நானும் வாறன்."

அக்கா வேண்டாம் என்றாள், முதுகு வலி இருக்கிறதே என்றாள், செலவு என்றாள். அம்மா மடியிலிருந்து காசை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் ஏறினதும் அம்மாவே கண்டக்டரைக் கூப்பிட்டு, புதன் ராத்திரி கொழும்பு பஸ்ஸுக்கு எங்கே சீட் போடுவது என்று விசாரித்தார். புதுக்குடியிருப்பில் இறங்கி இரண்டு சீட் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.